செயினா பெல்ட்டா, எது கனகாலம் உழைக்கும்? திருகோணமலையில பைக் ஓடுற புது ஆக்களுக்கு

எங்கட ஊர்ல செயினத் தின்னுறது தூரம் இல்ல, உப்புதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு எண்டால் பைக்க ஓடாம நிப்பாட்டி வச்சாலும் செயின் சிவந்துடும். அதனாலதான் பெல்ட் பைக் (செயினுக்குப் பதிலா பெல்ட்டால பின் சில்ல சுத்துறது) எடுக்கலாமா எண்டு கன பேர் கேக்கிறாங்க.

பெல்ட் நல்ல சாமான்தான். 1980ல ஹார்லி டேவிட்சன் தன்ட ஸ்டர்ஜிஸ் மொடலுக்கு பல் வச்ச பெல்ட் போட்டுது, இப்ப வாற பெல்ட்டுக்குள்ள கெவ்லர், கார்பன் மாதிரி நார் ஓடுது, துரு பிடிக்காது, ஒயில் கேக்காது, செயின விடப் பல மடங்கு உழைக்கும். ஆனா சின்னக் கல் ஒண்டு பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில மாட்டினா நார் அறுந்து, பிறகு எப்ப முழுசா போகும் எண்டு சொல்லேலாது, மாத்துறதுக்கு கன மொடல்ல பின் சில்லத் தாங்குற சுவிங் ஆர்மையே கழட்டவேணும். மணல் றோட்டும் கிறவல் றோட்டும் ஓடுற ஆளுக்கு என்ட பதில் செயின்தான், அது தேயுறத கண்ணால பாக்கலாம், கையால சரி பண்ணலாம். (ஸ்கூட்டிக்குள்ள இருக்கிற பெல்ட் வேற, அது கியருக்குப் பதிலா வேலை செய்யிறது, இதோட சேத்துக் குழப்பாதீங்க.)

சரி, செயினப் பாப்பம். முதல்ல எஞ்சின நிப்பாட்டி, நியூட்ரல்ல டபிள் ஸ்டாண்ட் போடுங்க. கியரில ஓடவிட்டு செயின் துடைக்கிற பழக்கம் கராஜ் வழிய இருக்கு, தயவுசெய்து செய்யாதீங்க, விரல் போயிடும்.

கீழ்ப்பக்கச் செயின நடுவில பிடிச்சு மேல கீழ ஆட்டி, அடிமட்டத்தால அளவுங்க. சின்ன பைக்குகளுக்கு அநேகமா 25 தொடக்கம் 35 மில்லிமீட்டர் வரை ஆடலாம், உங்கட மொடலுக்கு எவ்வளவு எண்டு பைக்கோட வந்த புத்தகத்தில இருக்கும். சில்ல கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நாலஞ்சு இடத்தில அளவுங்க, ஒரு இடத்தில இறுக்கமாவும் இன்னொரு இடத்தில தொய்வாவும் இருந்தா செயின் சமமில்லாம தேய்ஞ்சிட்டுது.

அடுத்தது தேய்மானம். செயின் நீளுது எண்டு சொல்றோம், உண்மையில இரும்பு இழுபடுறேல்ல, கண்ணிகளக் கோக்கிற ஊசியும் (பின்) அதச் சுத்தியிருக்கிற குழாயும் (புஷ்) தேய்ஞ்சு இடைவெளி கூடுது. 428 எண்ட அளவுச் செயினில 20 கண்ணி புதுசில 254 மில்லிமீட்டர், அது 259 தாண்டினா மாத்துற நேரம். அளக்க ஏலாட்டி பின் ஸ்ப்ரொக்கெட்டிட (செயின் ஓடுற பல்லுச் சக்கரம்) பின்பக்கம் செயின இழுத்துப் பாருங்க, பாதிப் பல்லு வெளிய தெரிஞ்சா முடிஞ்சுது.

கழுவுறதுதான் எங்களுக்கு முக்கியம். மண்ணெண்ணெய்க்கு உப்பு கரையாது, அதால முதல்ல நல்ல தண்ணி ஊத்தி உப்பக் கழுவி, காயவிட்டு, பிறகு மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போட்டு தேய்ச்சு துடைங்க. கம்பி பிரஷும் பெற்றோலும் வேண்டாம், ஓ ரிங் செயின் (கண்ணிகளுக்கு நடுவில ரப்பர் வளையம் வச்சது) எண்டா ரப்பர் போயிடும். காய்ஞ்ச பிறகு 80 90 கியர் ஒயில செயினிட உள்பக்கத்தில, சில்ல கையால சுத்திச் சுத்தி துளி துளியா விடுங்க, கொஞ்சம் பொறுத்து மிச்சத்த துடைச்சுடுங்க. வழிய வழிய ஊத்தினா மணல் வந்து ஒட்டி அரைக்கும், ஒயில் போடாததவிட அது மோசம். 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா காணும், மாரி மழைக்காலத்தில கிழமைக்கு ஒருக்கா.

மாத்தேக்க செயின மட்டும் மாத்தாதீங்க, தேய்ஞ்ச பல்லு புதுச் செயினயும் கெடுக்கும், ரெண்டு ஸ்ப்ரொக்கெட்டும் சேத்து செட்டாப் போடுங்க. செயினிட ரெண்டு முனையையும் பூட்டுற லொக் கிளிப்பிட மூடின பக்கம் செயின் ஓடுற திசைக்குப் பாக்கவேணும், கராஜில பூட்டினாலும் ஒருக்கா குனிஞ்சு பாத்துட்டு எடுங்க. புதுச் செயின் முதல் கொஞ்ச நாளில தளரும், 300 கிலோமீட்டர் மட்டில திரும்ப தொய்வ அளந்து, பின் சில்லுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற அட்ஜஸ்டரையும் ஒரே அளவா திருப்பி இறுக்குங்க.