டிவி பொசுக்குனு ஆஃப் ஆகுதா? மெக்கானிக்க கூப்பிடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

டிவி ஓடிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆச்சுன்னா உடனே ரிமோட்ட தேடாதீங்க, டிவிக்கு அடியில ஓரமா குட்டியா எரியுமே அந்த ஸ்டாண்ட்பை லைட்ட பாருங்க. லைட் சுத்தமா செத்துப்போச்சுன்னா அநேகமா வர்ற வழியில கரண்ட் நின்னுருக்கு. லைட் எரியுது, படம் மட்டும் இல்லன்னா திரும்ப ஆன் பண்ணி பாருங்க, சட்டுனு படம் வந்துட்டா டிவி தானா தூங்கப் போயிருக்கு, செட்டிங் வேலை. ஸ்மார்ட் டிவியா இருந்து லோகோவெல்லாம் காட்டி மெதுவா முதல்லேர்ந்து கிளம்புதுன்னா பெரும்பாலும் ஒரு கண் சிமிட்டுற நேரத்துக்கு கரண்ட் போயிட்டு வந்திருக்கும். லைட் விட்டு விட்டு சிமிட்டுதுன்னா எத்தனை தடவை சிமிட்டுதுன்னு எண்ணி வச்சுக்கோங்க, நிறைய மாடல்ல அது ஃபால்ட் கோடு, மெக்கானிக்குக்கு உதவும்.

செட்டிங் பக்கம் சீக்கிரம் முடிச்சிடலாம். ஸ்லீப் டைமர் ஆன்ல இருக்கா, பட்டன் எதுவும் அமுக்காம சில மணி நேரம் ஓடினா தானா ஆஃப் ஆகுற ஆப்ஷன் இருக்கா, செட்டாப் பாக்ஸ் ஆஃப் ஆனா டிவியும் சேர்ந்து ஆஃப் ஆகுற எச்டிஎம்ஐ சிஇசி ஆன்ல இருக்கான்னு பாத்து எல்லாத்தையும் அணைச்சு விடுங்க. ஒவ்வொரு நாளும் ஒரே கணக்கான நேரத்துல ஆஃப் ஆகுதுன்னா இதுதான் காரணமா இருக்கும், கரண்ட் கோளாறு கடிகாரம் பாத்து வராது.

அது இல்லன்னா அடுத்து பிளக். நான் பாத்த வரைக்கும் பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும். சுவிட்ச் போர்டு பாயின்ட்டுக்குள்ள பின்னை இறுக்கிப் பிடிக்கிற பித்தளை கிளிப் இருக்கு, வருஷக்கணக்கா பிளக்க சொருகி உருவி அது அகண்டு போயிடும், அப்புறம் பின் சும்மா தொட்டுட்டு மட்டும் நிக்கும், ஃபேன் காத்துல ஒயர் ஆடினாலே கரண்ட் விட்டுப்போகும். பிளக் தொளதொளன்னு இருக்கா, பின் கறுத்திருக்கா, பாயின்ட் மூடி மஞ்சளாகி உருகின மாதிரி இருக்கா, கிட்டப்போனா கருகல் வாசனை அடிக்குதா, இல்ல உஸ்ஸுனு சத்தம் வருதா, இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த பாயின்ட்ட அன்னைக்கே நிறுத்திடுங்க, டிவிக்காக இல்ல, அது தீப்பிடிக்கிற சமாச்சாரம். டிவி பின்னாடி சொருகுற ஒயர் முனையையும் ஒரு தடவை உருவி நல்லா அழுத்தி சொருகுங்க, செவுத்துல மாட்டின டிவில அது பாதி கழண்டு தொங்குறது சகஜம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதுக்கு மேல ஒரு மல்டி பிளக்னு அடுக்கி வச்சிருந்தா எல்லாத்தையும் கழட்டிட்டு டிவிய நேரா செவுத்து பாயின்ட்டுல போட்டு ரெண்டு நாள் ஓட்டுங்க.

அப்பவும் ஆஃப் ஆகுதா? இப்ப ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ மட்டும் செவுத்து பாயின்ட்டுல போட்டு, அதுல டிவியோட சேர்த்து ஒரு டேபிள் லேம்ப்ப எரிய விடுங்க, பழைய குண்டு பல்பு கிடைச்சா ரொம்ப நல்லது, ஏன்னா எல்இடி பல்பு நிறைய வோல்டேஜ் ஆட்டத்த வெளிய காட்டாம மறைச்சிடும். டிவி அணையும்போது லேம்ப்பும் சிமிட்டினா குத்தம் லைன்ல. லேம்ப் அசையாம எரிஞ்சா டிவி மேலதான் சந்தேகம். கூடவே அந்த நேரத்துல வீட்டுல வேற என்ன ஸ்டார்ட் ஆச்சுன்னு கவனிங்க. தண்ணி மோட்டார், ஏசி, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் எல்லாம் கிளம்பும்போது ஓடுற கரண்ட்ட விட பல மடங்கு இழுக்கும், ஒயரிங் மெலிசா இருந்தாலோ எங்கயாவது ஜாயின்ட் லூஸா இருந்தாலோ அந்த நொடி வோல்டேஜ் படுத்துடும்.

சில ரூம்ல லைட் பளிச்சுனு எரியுது, சில ரூம்ல மங்குதுன்னா எதையும் சோதிச்சுட்டு நிக்காதீங்க, மெயின ஆஃப் பண்ணுங்க. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற ஒயர், விட்டுருக்கலாம். த்ரீ ஃபேஸ் வீட்டுல நியூட்ரல் அந்துச்சுன்னா 230 வர வேண்டிய இடத்துல 400 வோல்ட் பக்கம் வரைக்கும் ஏறும், டிவி மட்டும் இல்ல, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒண்ணா போயிடும். டெஸ்டர் எரியுது அதனால லைன் சரியா இருக்குன்னு நினைக்காதீங்க, டெஸ்டர் ஃபேஸ மட்டும்தான் காட்டும், நியூட்ரல் செத்திருந்தாலும் ஜம்முனு எரியும். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வச்சு, மோட்டார் ஓடும்போதும் நிக்கும்போதும் பாயின்ட்டுல அளந்து பாக்கணும்.

ஸ்டெபிலைசர் வச்சிருக்கவங்க, கோச்சுக்காதீங்க, பல வீட்டுல அதுவே வில்லன். டிவி பின்னாடி ஸ்டிக்கர்ல 100-240 வோல்ட்னு போட்டிருந்தா லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையே இல்ல, டிவி தானே சமாளிக்கும். ஸ்டெபிலைசர் ஒவ்வொரு தடவை டக்குனு ரிலே (உள்ள இருக்குற தானியங்கி சுவிட்ச்) மாத்தும்போதும் ஒரு சின்ன இடைவெளி விழும், பழைய டிவின்னா அதுலயே அணைஞ்சிடும். டக் சத்தமும் டிவி ஆஃப் ஆகுறதும் சேர்ந்தே வருதான்னு காத கொடுத்து கேளுங்க. இன்வெர்ட்டர்லயும் இதே கதைதான், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறுற நேரத்துல டிவி ரீஸ்டார்ட் ஆச்சுன்னா அதுல சட்டுனு பேட்டரிக்கு மாறுற யுபிஎஸ் மோட் இருக்கான்னு பாத்து அதுக்கு மாத்துங்க.

எம்சிபி, அதாவது லோடு ஜாஸ்தியானாலோ ஷார்ட் ஆனாலோ தானா விழுற மெயின் போர்டு சுவிட்ச், விழுதுன்னா டிவிய திட்டாதீங்க. டிவி பெரும்பாலும் 100, 150 வாட்ஸ்தான் இழுக்கும், 230 வோல்ட்ல அது ஒரு ஆம்பியர் கூட வராது, அதனால லோடு ஜாஸ்தி ஆகுறதுக்கு அதே லைன்ல இருக்குற ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோதான் காரணமா இருக்கும், இல்லன்னா எங்கயோ ஷார்ட். கரண்ட் கசிஞ்சா தானா விழுற ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்தா அது லீக்கேஜ், எதாவது கருவில கசிவு இருக்கலாம், மழை நாள்ல செவுத்து ஈரமும் சேர்ந்துக்கும். திரும்பத் திரும்ப தூக்கி விடாதீங்க, அடிக்கடி விழுதேன்னு பெரிய எம்சிபியா மாத்தவும் மாத்தாதீங்க, அப்படி மாத்தினா எம்சிபி விழாது, ஒயர் எரியும்.

இவ்வளவும் சரியா இருந்தும் ஆஃப் ஆகுதுன்னா டிவிக்குள்ளதான். ஆன் பண்ணி ரெண்டு மூணு செகண்ட்ல அணைஞ்சா பவர் போர்டுல கரண்ட்ட சேத்து வைக்கிற கப்பாசிட்டர் உப்பியிருக்கலாம், இல்ல திரைக்குப் பின்னாடி வெளிச்சம் கொடுக்குற பேக்லைட் எல்இடி போயிருக்கலாம். சத்தம் மட்டும் கேட்டுட்டு படம் இருட்டா இருந்தா ரூம் லைட்ட அணைச்சுட்டு திரை மேல டார்ச் அடிச்சு பாருங்க, மங்கலா படம் தெரிஞ்சா பேக்லைட்தான். அரை மணி நேரம் ஓடினப்புறம்தான் அணையுதுன்னா சூடு, பின்னாடி காத்து ஓட்டைல தூசி அடைச்சிருக்கான்னு பாருங்க. மூடிய மட்டும் நீங்களா கழட்டாதீங்க, பிளக்க உருவின பிறகும் உள்ள இருக்குற பெரிய கப்பாசிட்டர்ல 300 வோல்ட் அளவுக்கு கொஞ்ச நேரம் நிக்கும், மெக்கானிக் பாத்துக்கட்டும்.