பின்பால் ராம்ப்ல பழைய ரிவிட்ட எடுத்துட்டு புதுசு அடிக்கிறது எப்படி

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் பழைய பின்பால் மெஷின் வாங்குறவங்களுக்கு முதல் எதிரி துருதான். கடல் காத்து, வருஷம் முழுக்க ஈரம், அதுவும் ஒரு காலத்துல டீ ரூம் (தெருமுனைக் கடை) மூலையில நின்ன மெஷின்னா கேக்கவே வேணாம், ராம்ப் (பந்து மேல ஏறிப் போற ப்ளாஸ்டிக் சரிவு) வாயில இருக்குற இரும்புத் தகடு பழுப்பேறி நுனி சுருண்டு போய் பந்து ஏறப்போகும்போது டக்குனு தட்டி திருப்பி அனுப்பும். புதுத் தகடு ஆன்லைன்ல கிடைக்குது, அது பிரச்சனை இல்ல. அத ப்ளாஸ்டிக்கோட சேத்துப் புடிச்சிருக்குற ரிவிட்ட எப்படி கழட்டுறதுன்னுதான் புதுசா ஆரம்பிக்கிறவங்க முழிக்கிறாங்க.

அங்க இருக்குறது பெரும்பாலும் செமி ட்யூபுலர் ரிவிட். ஒரு பக்கம் உருண்ட தலை, இன்னொரு பக்கம் வால். வால் நுனி மட்டும் உள்ள குழாய் மாதிரி காலியா இருக்கும், ஃபேக்டரில அத அமுக்கி வெளிப்பக்கமா சுருட்டி விட்டிருப்பாங்க. தலை பந்து ஓடுற பக்கம், சுருட்டுன வால் அடிப்பக்கம். இத மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா புரியும்.

வேணும்கிற சாமான்

ட்ரில், நல்ல கூர்மையான 4 அல்லது 4.5 மி.மீ. பிட், 2.5 மி.மீ. பின் பஞ்ச் (ரிவிட்ட தட்டி வெளிய தள்ளுற மெல்லிசு கம்பி), சின்ன சுத்தியல், கொரடு, வெர்னியர் (தடிமன் அளக்குற கருவி), கண்ணாடி (கண்ணுக்குப் போடுறது, சாக்கு சொல்லாம போடுங்க), அப்புறம் ரிவிட் செட்டிங் டூல் (குழிஞ்ச அடிக்கட்டையும் வால சுருட்டுற செட்டிங் பஞ்சும் சேந்தது). ட்ரில் பேட்டரில ஓடுறதா இருந்தா நல்லது, ஸ்பீடு குறைச்சு ஓட்ட வசதி, கரண்ட் போனாலும் வேலை நிக்காது, நம்ம ஊர்ல அத வேற தனியா சொல்லணுமா.

முதல்ல ராம்ப வெளிய எடுங்க

ப்ளக்க சுவத்துல இருந்து உருவுங்க, சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணா பத்தாது. பந்தையெல்லாம் எடுத்து வெச்சுட்டு நாலா பக்கமும் போட்டோ எடுத்துட்டு ராம்ப கழட்டி மேசைக்கு கொண்டு வாங்க. மெஷினுக்குள்ள வெச்சே ட்ரில் பண்ணலாமேன்னு தோணும், வேணாம். இரும்புத் தூள் ப்ளேஃபீல்டுல (பந்து ஓடுற பலகை) கீறும், சர்க்யூட் போர்டுல விழுந்தா ஷார்ட் ஆகும். காந்தம் வெச்சு பொறுக்கிடலாம்னு நினைச்சா பித்தளைத் தூள் காந்தத்துல ஒட்டாது.

பழசு எடுக்குறது

ராம்ப கவுத்துப் போடுங்க. தலைக்கு அடியில பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒண்ண வெச்சு அழுத்திப் புடிச்சா ரிவிட் கூடவே சுத்தாது. பிட்ட வால் பக்கம் வைங்க. அங்க ஏற்கனவே குழி இருக்குறதால பிட் தானா நடுவுல உக்காந்துக்கும், தலைப்பக்கம் ட்ரில் பண்ணா வழுக்கி ப்ளாஸ்டிக்க கிழிச்சுடும், அதனாலதான் வால் பக்கம்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

மெதுவா ஓட்டுங்க. நம்ம வேலை ரிவிட்ட முழுசா துளைக்கிறது இல்ல, அந்த சுருண்ட விளிம்ப மட்டும் சீவி எடுக்குறது. ரிவிட் உடம்பு சாதாரணமா 1/8 இஞ்சு, அதாவது 3.2 மி.மீ., நம்ம பிட் அதவிட பெருசு, அதனால விளிம்பு மோதிரம் மாதிரி பிரிஞ்சு வந்த உடனே நிறுத்திடணும், இன்னும் கொஞ்சம்னு அழுத்துனா ப்ளாஸ்டிக் ஓட்டையும் சேந்து பெருசாகிடும். அடியில வாஷர் இருந்தா அதிர்ஷ்டம், பிட்ட அது தாங்கிக்கும். வாஷரும் சேந்து சுத்துனா கொரடால புடிச்சுக்கோங்க. சூடு ஏறுற மாதிரி இருந்தா விட்டு விட்டு ஓட்டுங்க, ப்ளாஸ்டிக் இளகும்.

அப்புறம் ஓட்டை போட்ட மரக்கட்டை மேல தலை அந்த ஓட்டைக்குள்ள வர்ற மாதிரி ராம்ப வெச்சு, பஞ்சால வால் பக்கமிருந்து லேசா தட்டுங்க. விழுந்துடும். விழலன்னா விளிம்பு இன்னும் ஒரு ஓரத்துல ஒட்டிட்டு இருக்குன்னு அர்த்தம், பலமா அடிக்காதீங்க, பழைய ப்ளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ராம்ப சோப்புத் தண்ணில கழுவுறதோ ஃப்ளேம் பாலிஷ் (தீ ஜ்வாலைய லேசா காட்டி ப்ளாஸ்டிக்க பளபளப்பாக்குறது) பண்றதோ இருந்தா இப்பவே, தகடும் ஸ்டிக்கரும் இல்லாதப்பவே முடிச்சிடுங்க.

புது ரிவிட் அளவு

தகடு, ப்ளாஸ்டிக், வாஷர் மூணையும் சேத்து வெர்னியர்ல அளந்து, அதுக்கு மேல ரிவிட் தடிமன்ல பாதிக்கு கொஞ்சம் கூட, அதாவது 1/8 இஞ்சு ரிவிட்டுக்கு சுமார் 2 மி.மீ. சேத்துக்கோங்க. மூணும் சேந்து 4 மி.மீ. வந்தா 6 மி.மீ. நீளம் வேணும், அமெரிக்க அளவுல 1/4 இஞ்சு கிட்டத்தட்ட சரியா வரும். நீளம் கூடுனா வால் ஒரு பக்கமா மடங்கிடும், குறைஞ்சா புடிக்காது.

“அண்ணே, ஹார்ட்வேர் கடையில பாப் ரிவிட் சும்மா கிடைக்குதே, அதை அடிச்சா போதாதா?”ன்னு கேக்குற தம்பிங்களுக்கு: பாப் ரிவிட்னா ஒரு பக்கமிருந்தே டூலால இழுத்து அடிக்கிற ரகம். கேபினெட்டுக்குள்ள இரும்போட இரும்பு சேக்குற இடத்துல தாராளமா அடிங்க. ராம்ப்ல வேணாம். பாப் ரிவிட் ஓட்டைக்குள்ளயே உப்பி ப்ளாஸ்டிக்க வெளிப்பக்கமா நெருக்கும், விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். தலையும் மேடா இருக்கும், 80 கிராம் பந்து வேகமா வந்து அது மேல ஏறுனா தடம் மாறும். போதாததுக்கு அலுமினியமும் இரும்பும் ஒட்டி இருந்தா இந்த உப்புக் காத்துல அரிப்பு இன்னும் சீக்கிரம் புடிக்கும்.

அடிக்கிறது

தகடு ஓட்டையில பிசிறு இருந்தா அரத்தால ராவிடுங்க. ரிவிட்ட பந்து ஓடுற பக்கமிருந்து விட்டு, தலைய டூலோட குழிஞ்ச அடிக்கட்டையில உக்கார வைங்க. மேல நிக்கிற வால்ல வாஷர மாட்டுங்க. வாஷர் இல்லாம அடிச்சா சுருளுற விளிம்பு ப்ளாஸ்டிக்க நேரா கடிக்கும். செட்டிங் பஞ்ச நேரா வெச்சு சின்னச் சின்னதா தட்டுங்க, ஆர்பர் ப்ரெஸ் (கைப்பிடிய இழுத்து அமுக்குற மேசை ப்ரெஸ்) இருந்தா இன்னும் அழகு, ஒரே இழுப்புல சீரா சுருளும். விளிம்பு சுத்தி வாஷர் மேல படிஞ்ச உடனே நிறுத்துங்க. தகடு ஆடக்கூடாது, அதே சமயம் ரிவிட்ட சுத்தி ப்ளாஸ்டிக் வெள்ளையா மாறுனா அழுத்தம் அதிகமாயிடுச்சு.

எல்லா ரிவிட்டும் உள்ள போய் நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் ஒவ்வொண்ணா அடிங்க, முதல் ரிவிட்ட இறுக்கிட்டா மத்த ஓட்டை நேர் வராம அடம் புடிக்கும்.

மாட்டுன பிறகு மெஷின ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு பந்த கையால ராம்ப்ல உருட்டுங்க. தகடு நுனி ப்ளேஃபீல்டோட ஒட்டி படுத்திருக்கணும். தூக்கிட்டு இருந்தா ராம்ப திரும்ப கழட்டி தகட்ட விரலால லேசா கீழ்ப்பக்கம் வளைங்க, கொரடு போட்டா மடிப்பு விழுந்துடும். நுனி உரசுற இடத்துல ஒரு துண்டு மைலார் (மெல்லிசு ப்ளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டிட்டா ப்ளேஃபீல்டு பெயிண்ட் தேயாது.