வாட்ஸ்அப் குழுவில் கருவாடு வாங்குமுன்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் மீனும் கருவாடும் விற்பவர்கள் நிறைய. பெரும்பாலும் நல்லவர்கள்தான். புது ஆளிடம் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்.

பாராட்டுகளைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அதை மச்சானும் மாமனும்கூடப் போடலாம். குழுவின் தேடல் பெட்டியில் அவர் பெயரோடு 'வரவில்லை', 'ஈரம்', 'மணல்' என்று தேடுங்கள். புகாருக்கு அவர் என்ன பதில் சொன்னார், பணத்தைத் திருப்பினாரா, அல்லது கேட்டவரையே குழுவிலிருந்து நீக்கினார்களா? ஆளின் தரம் அங்கேதான் தெரியும். பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் தனியாகவும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பேச்சு கடலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன்தான் வரும். மே மாதத்தில் "இன்று விசைப்படகில் வந்த மீன்" என்பவரை நம்ப முடியுமா?

முதல் தடவை கால் கிலோ நெத்திலி போதும். பணம் அனுப்பும்போது யுபிஐ திரையில் வரும் பெயரைப் படியுங்கள். பணத்தைத் திருப்பித் தர உங்கள் பின் நம்பரைப் போடச் சொன்னால் அது மோசடி. பணம் பெறப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.