ஐரோப்பிய அரசியல் நிறுவனங்களுக்கு ஒரு கல்விச் சுற்றுலா: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

உயர்தரத்தில் அரசறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களின் மாணவர் சங்கங்களும் ஐரோப்பியப் பயணம் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, பெரும்பாலும் விமானச் சீட்டின் விலையிலிருந்தே பேச்சு ஆரம்பமாகிறது. ஆனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் அமர்வு நாட்காட்டியாகும். அந்தப் பாராளுமன்றத்தின் உத்தியோகபூர்வ இருப்பிடம் பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பேர்க் நகரம். ஆண்டுக்குப் பன்னிரண்டு முழு அமர்வுகள், ஒவ்வொன்றும் திங்கள் மாலை தொடக்கம் வியாழன் வரை, அங்கு நடைபெறுகின்றன. ஏனைய வாரங்களில் குழுக் கூட்டங்கள் பிரசல்ஸில் நடைபெற, செயலகத்தின் ஒரு பெரும் பகுதி லக்சம்பேர்க்கில் இயங்குகிறது. ஆகவே நாள் தெரியாமல் ஸ்ட்ராஸ்பேர்க் போகும் குழு வெற்று நாற்காலிகளைத்தான் பார்த்துவிட்டு வரும்.

நமது பாடசாலைகளின் ஓகஸ்ட் விடுமுறை இந்த விடயத்தில் எந்தப் பயனும் தராது. ஜூலை இறுதியிலிருந்து ஓகஸ்டின் பெரும்பகுதி முழுவதும் ஐரோப்பியப் பாராளுமன்றம் ஓய்வில் இருக்கும். லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கும் ஜூலை நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் முடியும்வரை நீதிமன்ற விடுமுறை. டிசெம்பரில் அமர்வு உண்டு. மனித உரிமைகளுக்கான சகாரோவ் பரிசும் அந்த மாத அமர்விலேயே வழங்கப்படுகிறது. ஆனால் அதே காலத்தில் ஸ்ட்ராஸ்பேர்க்கின் புகழ்பெற்ற நத்தார் சந்தையும் நடப்பதால் தங்குமிட வாடகை வானத்தைத் தொடும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்று சிலர் யோசிப்பதுண்டு. நாட்கள் வசதிதான், எனினும் அவர்கள் பாடசாலை மாணவரும் அல்லர், பல்கலைக்கழக மாணவரும் அல்லர் என்பதால் விசா விண்ணப்பத்தில் அவர்களின் நிலை பலவீனமாகிவிடுகிறது. என் கணிப்பில் மிகப் பொருத்தமானவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்; அடுத்ததாக, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியோடு தவணைக் காலத்திலேயே அழைத்துச் செல்லப்படும் சிறிய பாடசாலைக் குழு.

வழித்தடமும் விசாவும்

இரண்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்தில் அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெல்ஜியத்துக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை. பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து ஆகியவற்றுக்கு உண்டு. ஆகையால் நான் பரிந்துரைக்கும் வழி இது: பாரிஸில் இறங்கி அதிவேகப் புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஸ்ட்ராஸ்பேர்க்கை அடைந்து அங்கு நான்கு இரவுகள், பிறகு லக்சம்பேர்க்கில் ஓர் இரவு, பிரசல்ஸில் மூன்று, ஹேக் நகரில் இரண்டு, அங்கிருந்து அம்ஸ்டர்டாம் வழியாகத் திரும்புதல். இவ்வாறு அமைத்தால் பிரான்ஸே பிரதான நாடாகிறது. அமர்வு வாரத்தில் ஸ்ட்ராஸ்பேர்க்கில் அறை கிடைக்காவிட்டால், ரைன் நதிக்கு அக்கரையில், டிராமில் ஏறினால் சில நிமிடங்களில் சென்றுவிடக்கூடிய கேல் என்னும் ஜேர்மன் ஊரில் தங்கலாம். ஆனால் அந்த நான்கு இரவுகளும் அப்போது ஜேர்மனியின் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்னரே நினைவில் கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைப் பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே கொடுக்க முடியாது. பதினைந்து நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போதும் கொடுக்க முடியாது. சாதாரணமாக முடிவு 15 நாட்களில் வரும் என்றாலும் 45 நாட்கள்வரை நீளலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு முன்னர் கொடுப்பதே உசிதம். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னரும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களைக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவச் செலவை ஈடுசெய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பும் தேவை.

பலரும் தவறவிடும் ஒரு சலுகை உண்டு. 2024 ஜூன் முதல் வயதுவந்த ஒருவருக்கான விசாக் கட்டணம் 90 யூரோ; ஆனால் கல்வி அல்லது கல்விப் பயிற்சிக்காகச் செல்லும் பாடசாலை மாணவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், அவர்களுடன் செல்லும் ஆசிரியர்கள் ஆகியோருக்கு ஷெங்கன் விசாச் சட்டக்கோவை அந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் மாத்திரம் தனியாக அறவிடப்படும். விலக்கைக் கோருவதற்கு, நிறுவனத்தின் தலைப்புத்தாளில் பயணத்தின் கல்வி நோக்கத்தையும் நாளாந்த நிகழ்ச்சி நிரலையும் தெளிவாகக் குறிப்பிட்ட கடிதம் ஒன்றை அதிபரிடமோ பீடாதிபதியிடமோ பெற்று, ஐரோப்பிய நிறுவனங்கள் அனுப்பிய வருகை உறுதிக் கடிதங்களையும் இணைத்துவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஈபிள் கோபுரமும் படகுச் சவாரியுமே நிறைந்திருந்தால் கல்விப் பயணம் என்று எவரும் ஏற்கமாட்டார்கள்.

கைவிரல் அடையாளம் கொடுக்க ஒவ்வொருவரும் நேரில் கொழும்பு போக வேண்டும். முழுக் குழுவுக்கும் ஒரே நாளில் நேரம் பதிவுசெய்து, மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதத்திலோ, அக்கரைப்பற்று, கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸிலோ புறப்பட்டால் ஒரு பகலிலேயே வேலை முடிந்துவிடும். அதே பயணத்தில் கோட்டேயிலுள்ள நமது பாராளுமன்றத்தையும் முன்அனுமதி பெற்றுப் பார்த்துவிடுவது நல்லது. அதைப் பார்க்காத பிள்ளைக்கு ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஒப்பிட ஒன்றுமிராது.

போவதற்கு முன் கற்பிக்க வேண்டியவை

ஒவ்வொரு மாணவரும் தன் ஊரிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துச் செல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் கட்டடத்தில் கிடைக்கும் என்பதைக் கண்டறிவதே தயாரிப்பு வகுப்புகளின் வேலை.

வாழைச்சேனைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க இலங்கை போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணைக்குழு 2014 ஒக்டோபரில் அறிவித்தது. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கான தடை நடைமுறைக்கு வந்து, 2016 ஜூனில் நீக்கப்பட்டது. பலநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டதற்கு இந்தத் தடை ஒரு முக்கிய காரணமாகும். அதேபோல், நமது ஏற்றுமதிகளுக்கு ஒன்றியம் வழங்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இலங்கை 2010இல் இழந்து 2017இல் மீளப்பெற்றது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தைச் சுட்டிக்காட்டி, அந்தச் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது குறித்து ஆராயுமாறு ஐரோப்பியப் பாராளுமன்றம் 2021 ஜூன் 10இல் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்துக்குப் பின்னும் சலுகை தொடர்ந்தது ஏன் என்று கேளுங்கள். நிறுத்துவதற்கான நடைமுறையைத் தொடங்கும் அதிகாரம் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது, பாராளுமன்றம் வலியுறுத்த மட்டுமே முடியும் என்ற பதில், அதிகாரப் பகிர்வு பற்றிய முழுப் பாடத்தையும் திறந்துவிடும்.

ஆசனப் பங்கீடு இன்னொரு நல்ல கேள்வி. ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் 720 ஆசனங்களில் ஜேர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. மால்டாவின் சனத்தொகை ஏறத்தாழ மட்டக்களப்பு மாவட்டத்தினது அளவே. சனத்தொகையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மால்டாவுக்கு ஓர் ஆசனம்கூடச் சந்தேகம்தான். சிறிய நாட்டின் குரல் அடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே எந்த நாட்டுக்கும் ஆறுக்குக் குறையாமல் ஒதுக்கப்படுகிறது. நமது 225 பேர் கொண்ட பாராளுமன்றத்திலும் மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் சனத்தொகையைப் பாராமல் பகிரப்படுகின்றன என்பதையும், மட்டக்களப்புக்கு 5, அம்பாறை மாவட்டமான திகாமடுல்லவுக்கு 7 எப்படி வருகின்றன என்பதையும் மாணவர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுவிட்டுப் போக வேண்டும்.

பெயர் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகளைக் கொண்டது. கவுன்சில் ஆஃப் யூரோப் என்பது 1949இல் தோன்றிய, 46 நாடுகளைக் கொண்ட வேறோர் அமைப்பு. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இதற்குரியது, ஒன்றியத்துக்குரியது அல்ல. ஒன்றியத்தின் பாராளுமன்றமும் இந்த நீதிமன்றமும் ஸ்ட்ராஸ்பேர்க்கில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் ஆசிரியர்களே தடுமாறுகின்றனர்.

ஸ்ட்ராஸ்பேர்க்கில்

பாராளுமன்றத்துக்கான குழு வருகைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அமர்வு நாட்களுக்கான இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும் என்பதால் விமானச் சீட்டுக்கு முன்னர் இதைப் பதிவுசெய்யுங்கள். செவ்வாய், புதன், வியாழன் நண்பகலில் நடக்கும் வாக்கெடுப்பு நேரத்தைக் கேட்டுப் பெற முயலுங்கள். பார்வையாளர் மாடத்தில் அமர்ந்ததும் இரண்டு விடயங்களைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் நாடு வாரியாக அல்லாமல் அரசியல் குழு வாரியாக அமர்ந்திருப்பார்கள். ஒரே நாட்டவர்கள் மண்டபத்தின் இரு கோடிகளில் இருந்து எதிரெதிராக வாக்களிப்பார்கள். இரண்டாவது, காதில் மாட்டும் ஒலிக்கருவி. மண்டபத்தைச் சுற்றிய கண்ணாடி அறைகளில் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். அலைவரிசையை மாற்ற மாற்ற ஒரே உரை 24 உத்தியோகபூர்வ மொழிகளுக்கிடையே தாவும். அரச அலுவலகத்தில் சிங்களப் படிவத்தை வைத்துக்கொண்டு நின்ற அனுபவமுள்ள எங்கள் பிள்ளைகளுக்கு, மால்டிய மொழிக்கும் ஓர் அலைவரிசை இருப்பதைக் காதால் கேட்பது எந்தப் பாடக்குறிப்பையும் விட ஆழமாகப் பதியும்.

மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பகிரங்க விசாரணைகள் குறைவு. உங்கள் வாரத்தில் ஒன்று இருந்தால் முன்பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால், இணையத்தில் கிடைக்கும் விசாரணைப் பதிவு ஒன்றை ஊரிலேயே பார்த்துவிட்டுக் கட்டடத்தைப் பார்க்கலாம். முன்கூட்டியே வாசிக்க ஏற்றது 2014ஆம் ஆண்டின் எஸ்.ஏ.எஸ். எதிர் பிரான்ஸ் தீர்ப்பு. பொது இடத்தில் முகத்தை மூடுவதைத் தடைசெய்யும் பிரெஞ்சுச் சட்டத்தை ஒரு முஸ்லிம் பெண் எதிர்த்த அந்த வழக்கில், 17 நீதியரசர்களில் 15 பேர் சட்டம் ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்துக்கு முரணானதல்ல என்றும், இருவர் முரணானது என்றும் கருதினர். காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று மாணவிகள் உள்ள குழுவில் இந்த விவாதம் சூடாகவே இருக்கும், இருக்கட்டும். நடைமுறை விடயமாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: தலையை மூடும் பர்தாவுடன் வீதியில் நடமாடத் தடையில்லை, ஆனால் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பொது இடத்தில் முகத்தை மூடினால் அபராதம் உண்டு. இதைப் பெற்றோருக்குப் பயணத்தை உறுதிசெய்வதற்கு முன்னரே அறிவித்துவிடுங்கள்.

ஒரு பிற்பகலைப் பேராலயத்துக்கு ஒதுக்கலாம். 142 மீற்றர் உயரமான அதன் கோபுரம் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகின் மிக உயர்ந்த கட்டடமாக இருந்தது. அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் அரசறிவியல்தான்: மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் இந்த ஊர் அமைந்துள்ள அல்சாஸ் பகுதிக்கு ஏன் பொருந்தவில்லை? 1871 முதல் 1918 வரை அது ஜேர்மனியின் ஆட்சியில் இருந்ததால், பழைய ஏற்பாடு அப்படியே நிலைத்து, இன்றும் குருமாருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது.

லக்சம்பேர்க், பிரசல்ஸ், ஹேக்

லக்சம்பேர்க்கில் 2020 மார்ச் முதல் பொதுப் போக்குவரத்து இலவசம். அந்த வசதியோடு மொசெல் நதிக்கரையிலுள்ள ஷெங்கன் கிராமத்துக்குப் போய்வரலாம். 1985 ஜூன் 14இல் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை நீக்க உடன்பட்டது அங்கு, நதியில் நின்ற ஒரு கப்பலில். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் பெயர் ஒரு சிற்றூரின் பெயர் என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

பிரசல்ஸில் பாராளுமன்றத்தின் பார்வையாளர் நிலையமும், 2017இல் திறக்கப்பட்ட ஐரோப்பிய வரலாற்று இல்லமும் இலவசம். இரண்டுக்கும் ஒரு முழு நாள் வேண்டும். மற்றைய நாளை பெல்ஜியத்தைப் பற்றிப் படிக்கவே செலவிடுங்கள் என்பேன். தெருப் பெயர்ப்பலகைகள் பிரெஞ்சிலும் டச்சிலும் இருக்கும். மூன்று பிராந்தியங்கள், மூன்று மொழிச் சமூகங்கள், அவற்றுக்குத் தனித்தனி அதிகாரங்கள் என அமைந்த இந்தச் சமஷ்டி, 2010-11இல் 541 நாட்கள் முழு அதிகாரமுள்ள மத்திய அரசாங்கம் இல்லாமல் ஓடியது. பிராந்திய அரசாங்கங்கள் அந்த நாட்களில் வழமைபோல இயங்கின. 2017இலிருந்து தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இல்லாத கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஒப்பீடு வேறில்லை.

ஹேக்கில் பார்க்க வேண்டியது, சர்வதேச நீதிமன்றம் இயங்கும் சமாதான மாளிகை. சர்வதேச நீதிமன்றத்தில் 1991 முதல் 2000 வரை நீதியரசராகவும், இறுதி மூன்று ஆண்டுகள் உப தலைவராகவும் இருந்தவர் நமது சி.ஜி. வீரமந்திரி. டானியூப் நதி அணை தொடர்பாக ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான 1997ஆம் ஆண்டு வழக்கில், நிலைபேறான அபிவிருத்திக்குச் சான்றாக இலங்கையின் பண்டைய குளங்களைத் தனது தனித் தீர்ப்பில் அவர் விரிவாக எடுத்துக்காட்டினார். உன்னிச்சைக் குளத்து நீரில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் அந்தப் பகுதியைக் கொடுத்து, மாளிகை வாசலில் குழுவுக்கு விளக்கச் சொல்லலாம்.

சில நடைமுறை விடயங்கள்

உணவுக்குக் குழுவின் தேவைகளை, ஹலால், மரக்கறி என்று, தங்குமிடத்துக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சமையலறை உள்ள விடுதி கிடைத்தால் இரவில் சோறும் பருப்பும் ஆக்கிக்கொள்ளலாம், செலவும் பாதியாகும்.

உறவினர் விடயத்தில் கண்டிப்பு வேண்டும். பாரிஸிலும் சுவிஸிலும் மாமா, சித்தி இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. "ஒரு நாள் பிள்ளையை விடுங்க சேர்" என்று தொலைபேசி வரும். சந்திக்க விரும்புவோர் மாலையில் தங்குமிடத்துக்கு வரட்டும், பிள்ளை வெளியே தங்கக் கூடாது என்பதைப் பெற்றோர் கூட்டத்திலேயே எழுதிக் கையொப்பம் பெறுங்கள். ஒருவர் திரும்பாவிட்டால் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் குழுவின் கதவும் அடைபடும்.

எல்லோருடைய விமான ஏறுசீட்டுகளின் அடிப்பகுதியையும், நுழைவு, வெளியேறல் பதிவின் பிரதிகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். 2025 ஒக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு படிப்படியாக அறிமுகமாகியிருப்பதால், குழு முழுவதும் குறித்த நாளில் திரும்பியதற்குக் கடவுச்சீட்டில் அடையாளம் இராமல் போகலாம். அடுத்த குழுவுக்கான விண்ணப்பத்தில் தூதரகத்துக்குக் காட்ட அந்தக் கோப்பு உதவும்.