'பாப்பிச்சா' படத்தைத் திரையிட்டுப் பேசுவது எப்படி

அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸின் தெருப்பேச்சில் 'பாப்பிச்சா' என்றால் நன்றாக உடுத்திக்கொண்டு வளையவரும் இளம்பெண். முனியா மெத்தூர் 2019இல் எடுத்த படத்துக்கு அதுவே பெயர். 1990களில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் நெஜ்மாவும் தோழிகளும் பெரியவர்களாகும் கதை. திரையிட்ட இடங்களில் பேச்சு பெரும்பாலும் "முக்காடு போட்டவர்கள் கெட்டவர்கள், ஜீன்ஸ் போட்டவர்கள் நல்லவர்கள்" என்று பத்தே நிமிடத்தில் முடிந்துபோகும். அதைத் தவிர்க்க வழி உண்டு.

மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முன்னுரைக்குப் பத்து நிமிடம், படத்துக்கு ஒன்றே முக்கால் மணி, பிறகு டீ, மீதி நேரம் பேச்சுக்கு. முன்னுரையில் இரண்டு தேதிகள் போதும். 1991 டிசம்பரில் நடந்த முதல் சுற்றுத் தேர்தலில் இஸ்லாமிய மீட்பு முன்னணி என்ற மதவாதக் கட்சி வென்றது. 1992 ஜனவரியில் ராணுவம் தலையிட்டுத் தேர்தலை ரத்து செய்தது. அடுத்து வந்த ரத்தக்களரியைத்தான் அங்கே 'கறுப்புப் பத்தாண்டு' என்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால், "அந்த ஊர் எப்போதுமே இப்படித்தான்" என்ற எண்ணத்தோடு பார்ப்பார்கள். துப்பாக்கிச் சூட்டுக் காட்சிகள் உண்டு என்றும் எச்சரியுங்கள். யார் சாகிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது மொழி. சப்டைட்டில் எல்லாவற்றையும் ஒரே மொழியாக்கிவிடும். படத்திலோ ஒரே வாக்கியம் பிரெஞ்சில் தொடங்கி அல்ஜீரிய அரபியில் முடியும். விடுதி அறையில் தோழிகள் அரட்டை அடிக்கும் காட்சி ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தை சப்டைட்டில் இல்லாமல் போட்டுக்காட்டுங்கள். 'வாஷ்', 'பெஸ்ஸாஃப்', தொண்டையிலிருந்து வரும் ஒலிகள் என்றால் அரபி. மூக்கால் வரும் உயிரொலிகள் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு. யார் யாரிடம் எந்த மொழிக்குத் தாவுகிறார் என்று குறித்துக்கொண்டால் வர்க்கமும் நகரத்துப் படிப்பும் தானாகத் தெரியவரும். தோழிகளில் ஒருத்தியின் பெயர் காஹினா. அரபுப் படையெடுப்பை எதிர்த்த பெர்பர் (வட ஆப்பிரிக்கப் பூர்வகுடி) அரசியின் பெயர் அது. பெயர் இருக்கிறது, பெர்பர் மொழி எவ்வளவு காதில் விழுகிறது? இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

அதிகம் தவறு நடப்பது துணி விஷயத்தில்தான். நெஜ்மா உடைகளாக மாற்றும் வெள்ளை ஹாயிக்கும், சுவரொட்டிகள் அணியச் சொல்லும் கறுப்பு ஹிஜாபும் ஒன்றல்ல. ஹாயிக் தலைமுதல் கால்வரை சுற்றிக்கொள்ளும், தையல் இல்லாத நீளத் துணி. 1954–62 விடுதலைப் போரில் பெண்கள் ஆயுதங்களை அதற்குள் மறைத்து எடுத்துப் போனார்கள். அதற்காகக் கறுப்பு என்றாலே அந்நியம் என்று முடிவுகட்டவும் கூடாது. கிழக்கு அல்ஜீரிய நகரான கான்ஸ்டன்டைன் பக்கத்துப் பெண்கள் பாரம்பரியமாகப் போர்த்திக்கொள்ளும் 'மலாயா'வும் கறுப்புதான். ஹாயிக் படம் ஒன்றையும் மலாயா படம் ஒன்றையும் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

விளக்கு போட்டதும் முதல் கேள்வி நெஜ்மாவைப் பற்றியதாக இருக்கவேண்டாம். சமீராவிலிருந்து தொடங்குங்கள். பக்தி உள்ளவள், முக்காடு போடுபவள், அதே அறையில் தோழி. படத்தின் இரண்டு அணிக் கணக்கு அவளிடம் உடைகிறது. பிறகு எதிர்ப்பக்கம் போகலாம்: கறுப்பு உடையில் வரும் பெண்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது, எத்தனை பேரின் முகத்தை கேமரா நெருங்கிக் காட்டுகிறது? எங்கள் கணிப்பில் படத்தின் பலவீனம் இதுதான். எதிராளிகள் கூட்டமாகவே இருந்துவிடுகிறார்கள். பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பு என்பதையும், இயக்குநரே இளவயதில் அந்த ஊரைவிட்டுப் பிரான்சுக்குப் போனவர் என்பதையும் இந்த இடத்தில் சொன்னால் பொருந்தும். முன்னுரையிலேயே சொன்னால் பார்வை முன்கூட்டியே சாய்ந்துவிடும்.

"அல்ஜீரியர்கள் இதைப் பார்த்தார்களா?" என்று யாராவது கேட்பார்கள். 2019 செப்டம்பரில் அங்கே நடக்கவிருந்த வெளியீடு ரத்தானது. அதே ஆண்டு ஆஸ்கருக்கு அல்ஜீரியா அனுப்பிய படமும் இதுதான். உள்நாட்டில் திரையிட்டிருக்க வேண்டும் என்ற விதியை ஆஸ்கர் அகாடமி இதற்காகத் தளர்த்தியது.