பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா? சுகரையும் பார்த்துவிடுங்கள்

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பத்து வருடமாகப் பிரஷருக்கு மாத்திரை போட்டார், சுகர் மட்டும் பார்த்ததே இல்லை. "தோட்டத்துல பாடுபடறவனுக்குச் சர்க்கரை எங்கீங்க வரும்" என்பார். காலில் குத்திய முள்ளுப் புண் ஆறாமல் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

இரண்டுக்கும் உறவு உண்டு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும், அது சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிப் பிரஷரையும் ஏற்றும். பிரிட்டனில் சுமார் 41 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், பிரஷரின் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) 20 கூடுதலாக இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். 2021-ல் வந்த இன்னொரு ஆய்வு நல்ல சேதி சொல்கிறது: மேல் அளவில் 5 குறைத்தாலே அந்த வாய்ப்பு 11 சதவீதம் குறைகிறது.

அதனால் முதலில் பிரஷரை ஒழுங்காகப் பாருங்கள். டிவிஎஸ் 50-ல் வந்து இறங்கிய சூட்டோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட உட்காருங்கள், அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, பீடி வேண்டாம்.

அப்புறம் வருடம் ஒருமுறை வெறும் வயிற்றில் சுகர். எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும்தான், சர்க்கரை போடாத காபி கூடக் கூடாது. 100-க்குக் கீழே என்றால் சரி, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-ம் அதற்கு மேலும் வந்தால் இன்னொரு நாள் பார்த்து உறுதி செய்யவேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்ட் எடுத்தால் 5.7 சதவீதத்திலேயே உஷாராகிவிடுங்கள்.

இடுப்பையும் அளந்து பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் இன்ச் டேப்புக்கா பஞ்சம்! ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. பேண்ட் சைஸை நம்பாதீர்கள், அதைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. அடினலால், ஹைட்ரோகுளோரோதையாசைட் மாதிரி சில மாத்திரைகள் சுகரைக் கொஞ்சம் ஏற்றலாம், டெல்மிசார்டன் வகை அப்படி ஏற்றுவதில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. "எனக்குச் சுகர் வர வாய்ப்பிருக்கு, இதே மாத்திரை போதுங்களா" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சாப்பாட்டில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது நாட்டுச்சர்க்கரையில்தான். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் இரத்தத்தில் ஏறும்போது அதுவும் வெள்ளைச் சர்க்கரை போலத்தான். அரிசி பருப்புச் சாதத்தில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள், கூடவே கொள்ளு, கீரை. ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன்தான். நைட் ஷிப்டில் வேலை செய்கிறவர்கள் ஐந்தாறு டீக்குப் போடும் சர்க்கரையையும் எண்ணிப் பாருங்கள்.

டெஸ்டுக்குச் செலவாகுமே என்று தள்ளிப்போடாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிறவரை வாசலோடு அனுப்பாமல், சுகருக்கு விரலையும் நீட்டுங்கள்.