கடலோர கோல்ஃப்: காற்றோடு மல்லுக்கு நிற்காதீர்கள்

போன மாதம் ஒரு கடலோர ரிசார்ட் மைதானத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடலை ஒட்டிய பார் 3 ஹோல் (மூன்று அடியில் முடிக்க வேண்டியது), முகத்துக்கு நேரே காற்று. முதலாமவர் 8 அயர்ன் கிளப்பை (மட்டையின் எண் குறையக் குறைய பந்து அதிக தூரம் போகும்) முழு பலத்தோடு வீசினார். பந்து மேலே மேலே ஏறி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, குழி இருக்கும் புல்தரையான கிரீனுக்கு முன்னாலிருந்த பாறையில் விழுந்தது. அடுத்தவரும் அதே கிளப்பை எடுத்தார், இன்னும் பலமாக வீசினார். அதே பாறை. பல வருடங்களுக்கு முன்பு நானும் என் நண்பனும் செய்தது அச்சு அசலாக இதேதான். அதனால்தான் கடலோர மைதானத்தில் நண்பர்களோடு ஆடும்போது செய்கிற தவறுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கூடுதல் பந்துகள், தொப்பி, சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை, அவை எல்லோருக்கும் தெரியும்.

எதிர்காற்றில் ஓங்கி அடிப்பது

மற்ற தவறுகளை மன்னித்துவிடலாம். இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், ஏனென்றால் செய்கிற நேரத்தில் இது சரியாகவே தோன்றும். காற்று தடுக்கிறது, அப்படியானால் இன்னும் பலமாக அடிப்போம் என்று மூளையைக் கேட்காமலே கை முடிவு செய்துவிடுகிறது.

பந்தை மேலே தூக்கிப் பிடிப்பது அதன் பேக்ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழற்சி. ஓங்கி அடிக்க அடிக்க ஸ்பின் கூடுகிறது. எதிர்காற்றும் சேரும்போது பந்தை உரசிப் போகும் காற்றின் வேகம் அதிகமாகி, மேலே தூக்கும் விசை, பின்னால் இழுக்கும் விசை இரண்டுமே வளர்கின்றன. முன்னால் போக வேண்டிய பந்து உயரத்துக்கே ஏறி, வேகம் இழந்து, செங்குத்தாக இறங்குகிறது.

கணக்கு வேண்டுமென்றால் இதை நினைவில் வையுங்கள்: எதிர்காற்று மணிக்கு ஒரு மைல் கூடினால் தூரத்தில் ஏறக்குறைய 1 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்காற்றுக்கு அதில் பாதியைக் கழித்தால் போதும். 150 யார்டு ஷாட், 10 மைல் எதிர்காற்றில் 165 போல ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 142, 143 என்றுதான் இறங்கும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று முழுசாகக் கொடுப்பதில்லை.

நண்பனோடு ஆடிய அந்தப் பழைய நாளில் அப்படிப்பட்ட ஒரு பார் 3-இல் நான் மூன்று பந்துகளைக் கடலில் விட்டேன். ஒவ்வொரு தடவையும் ஹோலின் தொடக்க இடமான டீயிலிருந்தே மறுபடி அடித்தேன், ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிட ஓங்கி அடித்தேன். நாலாவது பந்து கிரீனில் ஏறியது, அதைக் குழிக்குள் உருட்ட இரண்டு பட், கடலில் போன மூன்றுக்கும் தலா ஒரு அபராத ஸ்ட்ரோக், ஆக 9. பையில் 5 அயர்ன் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. முதல் பந்து போனதைக் கற்றுக்கொண்ட பாடம் என்று விட்டுவிடலாம், மூன்றாவது பந்துக்கு என்ன காரணம் சொல்வது?

கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில் 7-வது ஹோல் 110 யார்டுகூட இல்லை. காற்றில்லாத நாளில் குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் கிளப் போதும். 1992 யு.எஸ். ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் காற்று சுழற்றியடித்தபோது அமெரிக்க வீரர் டாம் கைட் அங்கே 6 அயர்னை எடுத்தார். பந்து கிரீனைத் தவறவிட்டது, ஆனாலும் கிரீன் ஓரத்திலேயே இருந்ததால் சிப் செய்து (பந்தைச் சின்னதாகத் தட்டி) நேராக ஹோலில் போட்டார். கோப்பையும் அவருக்கே. அந்தத் தூரத்துக்கு 6 அயர்ன் எடுக்க அவர் கூச்சப்படவில்லை. நாம் ஏன் படவேண்டும்?

சரி, என்ன செய்வது? ஒன்று அல்லது இரண்டு கிளப் பெரிதாக, அதாவது எண் குறைந்ததாக எடுங்கள். பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, பந்தை ஒரு பந்தளவு பின்னங்காலை நோக்கித் தள்ளி வைத்து, முக்கால் ஸ்விங்கில் நிதானமாக அடியுங்கள். பந்து தாழ்வாகப் போகும், காற்றுக்குப் பிடி கிடைக்காது.

இன்னொன்று, காலையில் அடித்த தூரத்தை மதியம் நம்பாதீர்கள். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும், அப்புறம் கடல்காற்று கரையை நோக்கி வீசத் தொடங்கும். 8 மணிக்கு அசையாமல் இருந்த கொடி 2 மணிக்குப் படபடக்கும். டீயில் மரமோ மேடோ காற்றை மறைத்திருக்கலாம் என்பதால் கிரீனிலுள்ள கொடியைப் பார்த்து முடிவெடுங்கள்.

நண்பனின் கிளப்பை அப்படியே எடுப்பது

அவன் ஸ்விங் வேறு, உங்கள் ஸ்விங் வேறு. போட்டியாக ஆடும்போது “என்ன கிளப்டா எடுத்தே?” என்று கேட்பதே விதிமீறல். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், ஹோல் ஹோலாக வெற்றியைக் கணக்கிடும் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே போய்விடும். இருவரும் ஒரே அணியாக ஆடினால் மட்டும் தாராளமாகக் கேட்கலாம்.

தப்பான இடத்தில் டிராப் செய்வது

பந்து கடலில் விழுந்த இடத்துக்கு நேராகப் போய் டிராப் செய்கிறார்கள் (ஆட்டத்தைத் தொடரப் பந்தைக் கையிலிருந்து கீழே விடுகிறார்கள்). நண்பனும் சங்கடப்பட்டு ஒன்றும் சொல்வதில்லை. சிவப்புக் குச்சி நட்ட பெனால்ட்டி ஏரியாவின் (கடல் போன்ற அபராதப் பகுதியின்) எல்லைக்கோட்டைப் பந்து கடைசியாக எங்கே தாண்டியதோ, அதுதான் கணக்கு. அங்கிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும், ஒரு ஸ்ட்ரோக் அபராதம். வளைந்து போன பந்து, விழுந்த இடத்துக்கு ஐம்பது அறுபது யார்டு முன்னாலேயே கரையைத் தாண்டியிருக்கும். அதனால் நண்பன் அடிக்கும்போது கடலை ரசிக்காமல் பந்தைப் பாருங்கள். இந்த இடத்தில் அவனுக்கு உங்கள் கண் மட்டும்தான் உதவி.

எல்லா பட்டும் கடல் பக்கம்தான் ஓடும் என்று நம்புவது

ஓடாது. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் வடியும் என்று கிரீனைப் பாருங்கள்.

பாறை விளிம்பில் பந்து தேடுவது

வேண்டாம். தேடுவதற்கு விதி தருவது 3 நிமிடம், ஈரப்பாறை அவ்வளவு நேரம்கூடத் தராது.

கிரீனில் நின்றபடி படம் எடுப்பது

பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். கொடியை வைத்துவிட்டு அடுத்த டீக்கு நடங்கள், கடல் அங்கிருந்தும் தெரியும்.